அட்டாலியிலிருந்து இறங்கிய ஆர்மோனியம்: விற்பதா, வைத்திருப்பதா?

எருத்தேன்பதியில் என் அக்காள் வீட்டு அட்டாலியில் இருபது வருஷமாக ஓர் ஆர்மோனியப் பெட்டி கிடந்தது. சென்ற மாசி மாதம் அது கீழே இறங்கியது. வாசிப்பதற்காக அல்ல, விலை பேசுவதற்காக.

"மாமா, நீங்க ஒருக்கா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எங்களுக்குள்ள பேசித் தீரலைங்க" என்று மூத்த மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டான். பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறினேன். கொழிஞ்சாம்பாறை தாண்டிவிட்டால் கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் மாறிமாறி வரும். பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழாகிவிடும். 1949 வரை கொச்சி மகாராஜாவின் சீமையாக இருந்த சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் அது. ஆட்சி எதுவாக இருந்தாலும், சம்பந்தம், சந்தை, சாமி, நாடகம் எல்லாவற்றுக்கும் இந்த ஊர்க்காரர்கள் பொள்ளாச்சிப் பக்கம் பார்த்தே பழகியவர்கள்.

ஆர்மோனியம் என் மச்சானுடையது. அக்காளின் புருஷன். மார்கழி பஜனைக்கு அவர்தான் பெட்டி. பங்குனி நோம்பிக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்தால், வெளியூர்ப் பெட்டிக்காரர் வராத ராத்திரிகளில் இவரை மேடையோரம் உட்கார வைத்துவிடுவார்கள். பகலில் ஏர், ராத்திரியில் துருத்தி. அவர் காலமான பிறகு பெட்டியை ஒரு பழைய வேட்டியில் சுற்றி அட்டாலியில் ஏற்றியதோடு சரி.

மூத்தவன் நிலத்தோடு இருக்கிறான். இளையவன் திருச்சூரில் குமாஸ்தா. மூத்தவனின் மகள் நர்ஸிங் படிக்கிறாள். கட்டணத்தின் கடைசித் தவணைக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு வியாபாரி வந்திருக்கிறார். பழைய பித்தளை, பழைய கடிகாரம், பழைய பெட்டி எல்லாம் எடுப்பவர். ஆர்மோனியத்தைக் கேட்டிருக்கிறார்.

அவர் சொன்ன விலை ஒரு புது ஆர்மோனியத்தின் விலையில் பாதிகூட இல்லை. "துருத்தி கிழிஞ்சு போச்சு, எலி கடிச்சிருக்குது, நாலு கட்டை பேசலை. விறகு விலைக்குத்தான் சேரும். ஏதோ உங்க கஷ்டத்துக்குத் தர்றேன்" என்றாராம். அப்படிச் சொன்னவர் அடுத்த மூன்று நாளில் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டிருக்கிறார். விறகுக்காக யார் இரண்டு தடவை கூப்பிடுவார்கள்? அக்காளுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது.

தூரத்தில் இருப்பவனின் பாசம்

இதில் வேடிக்கை என்னவென்றால், விற்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவன் திருச்சூரில் இருக்கும் இளையவன். "அப்பா கை பட்ட பெட்டிங்க மாமா. காசுக்கு வித்துப்போட்டாங்கன்னு ஊருல பேசமாட்டாங்களா?" என்று தொலைபேசியில் தொண்டை கம்மினான்.

மூத்தவனுக்குக் கோபம். "அவனுக்கென்னுங்க, ஆபீஸ்ல காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு ஞாபகம், ஞாபகம்ங்கறான். எலி கூடு கட்டுனப்போ இறக்கித் தொடச்சவன் நானு. பொங்கலுக்கு வந்தா அதை ஏறெடுத்துப் பார்த்திருக்கறானா, கேளுங்க!"

அக்காள் முறத்தில் நிலக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஊருல இல்லாதவங்களுக்குத்தான் சாமி ஊரு ஞாபகம் சாஸ்தி."

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஊரை விட்டு வந்து முப்பது வருஷம் கோப்புக் கட்டிக் கொண்டிருந்தவன்தான். இதைப் படிக்கும் அன்பர்களில் பலரும் இளையவன் கட்சியாகத்தான் இருப்பீர்கள். சொந்த ஊர் வீட்டில் ஒரு வீணையோ, பிடிலோ, மிருதங்கமோ தூசி படிந்து கிடக்கும். அதைத் துடைப்பவர் ஒருவர். அதற்காக வெளியூரில் உருகுபவர் இன்னொருவர். விற்பதா வேண்டாமா என்ற சண்டை வந்தால், உருகுபவர் குரல்தான் எப்போதும் பெரிதாகக் கேட்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றேன். பொள்ளாச்சிப் பக்கத்தில் பஜனைக்கும் நாடகத்துக்கும் வாசிக்கிற ஒருவர் மச்சானுக்குப் பழக்கம். அவரை வரவழைத்தோம். அறுபது வயதிருக்கும். பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மேல்மூடியை எடுத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். ரீடு பலகையைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். வரிசை வரிசையாகப் பித்தளை நாக்குகள். களிம்பு பிடித்திருந்தது. துணியால் ஒன்றைத் துடைத்தார். அடியில் 'பாரிஸ்' என்ற எழுத்து பொறித்திருந்தது.

"அட, இதுக்குத்தானுங்க அவன் அலையறான்" என்றார்.

ஆர்மோனியத்தின் உயிர் அந்த ரீடுதான். துருத்தி அடிக்கும் காற்று பித்தளை நாக்கை அதிரவைக்கிறது, சப்தம் பிறக்கிறது. பெட்டி மரம், துருத்தித் துணி, கம்பிச் சுருள் எல்லாம் மாற்றக் கூடியவை. நல்ல பழைய ரீடு அப்படிக் கடையில் கிடைப்பதில்லை. பாரிஸில் காஸ்ரியல் போன்றவர்கள் செய்த பெட்டிகளும், ஜெர்மனி ரீடுகளும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கின. பின்னாளில் குஜராத்தில் பாலிதானா என்ற ஊர் ரீடு செய்வதில் பேர் வாங்கியது. இன்று நம் நாட்டுப் பெட்டிகள் பலவற்றிலும் அந்த ஊர் நாக்குதான் பேசுகிறது. ஆனாலும் பழைய வெளிநாட்டு ரீடின் நாதத்துக்கு வித்வான்களிடம் தனி மோகம் உண்டு. அதனால் என்ன நடக்கிறது? ஊர் ஊராகப் போய்ப் பழைய பெட்டியை எடுப்பவர் ரீடை மட்டும் உருவிக் கொள்கிறார். அது பளபளக்கும் புதுப் பெட்டிக்குள் ஏறி நல்ல விலைக்குப் போகிறது. பழைய பெட்டி உண்மையிலேயே விறகாகிறது. வியாபாரி ஒருவகையில் பொய் சொல்லவில்லை!

பெட்டிக்காரர் இன்னொன்றும் சொன்னார். பொறித்த பெயரை மட்டும் நம்பக் கூடாதாம். பெயர் பொறிப்பது பெரிய வித்தையல்ல, காதுதான் சாட்சி. பிடில் விஷயமும் இதேதான். பாலக்காட்டு அக்ரஹாரத்து நண்பர் ஒருவர், தாத்தா பிடிலின் வயிற்றுக்குள் 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. இத்தாலியில் அந்தப் பெயர் பெற்ற கைவினைஞர் இறந்தது 1737-இல். அவர் செய்த பிடில் ஒன்று 2011-இல் ஏலத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி, பிரான்ஸ் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்த சாதாரணப் பிடில்களிலும் அதே சீட்டை அச்சடித்து ஒட்டினார்கள். 'இந்த மாதிரியில் செய்தது' என்று அதற்கு அர்த்தம், அவ்வளவுதான். நண்பர் மூன்றாம் நாள் தூங்கினார்.

பேசாத நாலு கட்டைகளையும் பெட்டிக்காரர் பார்த்தார். இரண்டில் பூச்சிக் கூடு. ஒன்றில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில்தான் நாக்கு முறிந்திருந்தது. மூத்தவன் பித்தளையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டபோது அவர் பதறிப்போனார். நாக்கின் நுனியில் சுரண்டினால் ஸ்ருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். தெரியாத கை பட்டால் பெட்டியே கெட்டது. விற்பதற்கு முன் 'சுத்தம்' செய்யப் புறப்படும் அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஊசியைச் சுட வைத்த கதை

கட்டைகளின் மேல் வெள்ளைத் தகடு பழுத்து மஞ்சளாயிருந்தது. தந்தமோ என்று ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டுப் பையன் ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்க்கலாம் என்று அடுப்படிக்கே போய்விட்டான். நல்ல வேளை, பிடித்து நிறுத்தினேன். பழைய தகடு செல்லுலாய்டாக இருந்தால் சூடு பட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். சினிமாப் பழைய பிலிம் எரிந்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள், அதே சரக்கு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் போதும். தந்தத்தில் ஒழுங்கில்லாத மெல்லிய ரேகைகள் ஓடும். இதில் ஒரு ரேகையும் இல்லை. செல்லுலாய்டுதான்.

தந்தமாக இருந்திருந்தால் விற்கும் பேச்சுக்கே இடமில்லை. இந்திய யானை 1977-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 1986-இல் வந்த திருத்தம் நம் நாட்டுத் தந்த வியாபாரத்தையும், 1991-இல் வந்தது ஆப்பிரிக்கத் தந்தத்தையும் நிறுத்திவிட்டன. தந்தத் தகடு பதித்த பழைய தஞ்சாவூர் வீணை வீட்டில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வாங்குபவர் ஆசை காட்டுவார், வழக்கு வந்தால் ஆள் இருக்க மாட்டார். வெளிநாட்டு உறவினரிடம் கொடுத்தனுப்பி நல்ல விலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

ரேடியோ விலக்கிய பெட்டி

பெட்டிக்காரர் திருகாணிகளை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஆர்மோனியத்தை நம்முடையது என்று அழுகிறோமே, அது நம் நாட்டில் பிறந்ததா? பாரிஸில் தபாங் என்பவர் 1840-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய கருவி. காலால் மிதிப்பதை மாற்றி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அடிக்கும்படி செய்து பரப்பியதில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷுக்குப் பெரிய பங்கு உண்டு. 

பெரியவர்கள் பலருக்கு அதைப் பிடிக்கவில்லை. கமகம் வராது, ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும் என்பது குற்றச்சாட்டு. பாரதியாரே 'சங்கீத விஷயம்' கட்டுரையில் அதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. 2022-இல் கூட, அமிர்தசரஸ் பொற்கோயில் கீர்த்தனங்களில் ஆர்மோனியத்தைப் படிப்படியாகக் குறைத்துத் தந்தி வாத்தியங்களைக் கொண்டுவர வேண்டும் என்று சீக்கியத் தலைமைப் பீடம் சொல்லியிருக்கிறது.

ஆனால் தமிழ் நாடக மேடையில் இந்தப் பேச்செல்லாம் எடுபடவில்லை. கிட்டப்பாவின் பாட்டுக்கு அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம்தான் துணை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் அந்தப் பெட்டி வேண்டும். பாடகர் 'ஐந்து கட்டையில்' பாடுகிறார் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதான். வேண்டாம் என்றவர்களின் ஸ்ருதிக்கே பெயர் வைத்துவிட்டது! எருத்தேன்பதிக்காரர்களுக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. இதே சித்தூர், பாலக்காட்டு வட்டாரத்து எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த விசுவநாதன்தான் ஆர்மோனியமும் கையுமாகத் திரையுலகை ஆண்ட மெல்லிசை மன்னர்.

பண்ணைப்புரத்தில் விற்றது எது?

விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு எனக்கு நினைவு வந்தது இன்னொரு எல்லையோரத்து வீடு. இடுக்கி மலைக்கு இந்தப் பக்கம், இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம். பாவலர் வரதராசன் வீடு.

பாவலர் கம்யூனிஸ்டு மேடைகளில் பாடியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்தக் கட்சியைக் கொண்டு சேர்த்ததில் அவர் பாட்டுக்குப் பங்கு உண்டு. ரோசம்மா ஜெயித்தார். மூணாறுப் பக்கத்து முதியவர்கள் சிலர் இன்னும் அந்தப் பாட்டுக் கச்சேரிகளைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த வீட்டு ஆர்மோனியம் கோயம்புத்தூரில் 85 ரூபாய்க்கு வாங்கியது என்று தம்பி இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். சிறுவனாக அதைத் தொட்டதற்கு அடி வாங்கியதையும் சொல்லியிருக்கிறார். 1960-களின் கடைசியில் பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது கையில் காசில்லை. தாயார் சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோவை விற்று, வந்த 400 ரூபாயையும் தமக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் அப்படியே கொடுத்தனுப்பினார்.

வீட்டில் பாடுகிற பொருள் இரண்டு. ரேடியோ போயிற்று, ஆர்மோனியம் நின்றது. ஏன் என்று யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ரேடியோ கேட்கிற பொருள், ஆர்மோனியம் வாசிக்கிற பொருள். அதை வாசிக்க அந்த வீட்டில் கை இருந்தது. அந்தப் பெட்டியில் கை வைத்துத்தான் பின்னாளில் மெட்டுப் போட்டார்.

இதைச் சொன்னதும் இளையவன் தொலைபேசியில் உற்சாகமாகிவிட்டான். "பாத்தீங்களா மாமா, அவங்க விக்கலையல்லங்க!"

"சரிப்பா, உன் வீட்டுல யாரு வாசிக்கிறா?" என்றேன்.

மறுமுனையில் பேச்சில்லை.

அவன் வாசிக்க மாட்டான். மூத்தவனுக்குத் துருத்தி அடிக்கக்கூடத் தெரியாது. பேத்திக்கு ஆசை இருந்தது. ஆனால் அவளுக்கு ராத்திரிப் பகலாக ஆஸ்பத்திரிப் பயிற்சி. அட்டாலியில் இன்னும் இருபது வருஷம் கிடந்தால் எலிக்குத்தான் லாபம்.

அக்காள் சொன்ன வழி

கடைசியில் அக்காள்தான் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினாள். "விக்கறதா இருந்தா வாசிக்கற கைக்குக் குடுங்க சாமி. ரீடைப் புடுங்கறவனுக்கு வேண்டாம். அவரு பெட்டிய உசுரோட குடுத்தோம்னு இருக்கட்டும்."

பெட்டிக்காரர் தயங்கினார். அவருடைய சொந்தப் பெட்டி போன கார்த்திகையில் மழையில் நனைந்து போனது. இரவல் பெட்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆசை முகத்தில் தெரிந்தது, கையில் பணம் தெரியவில்லை. வியாபாரி சொன்னதற்கும் கொஞ்சம் குறைவாகத்தான் தர முடியும், அதையும் நாலு தவணையில் என்றார்.

மூத்தவன் என்னைப் பார்த்தான். கட்டணத் தேதி யாருக்காகவும் நிற்காதே! அவன் பெண்சாதி எழுந்து உள்ளே போய் இரண்டு வளையலைக் கொண்டுவந்து வைத்தாள். "பேங்குல வெச்சுக் கட்டிப்போடுங்க. தவணை வந்ததும் திருப்பிக்கலாம்" என்றாள். மாமனார் பெட்டிக்காக மருமகளின் வளையல். வட்டி யார் தலையில்?

நான் மறுபடி திருச்சூருக்குப் பேசினேன். "பெட்டியை வியாபாரிக்கு விற்கவில்லை. உன் ஞாபகத்துக்கு மரியாதை கொடுத்தாயிற்று. வளையல் திரும்புகிறவரை வட்டியை நீ கட்டு." கொஞ்ச நேரம் யோசித்தான். "கட்டறேனுங்க மாமா" என்றான். குரலில் பழைய கம்மல் இல்லை, குமாஸ்தாவின் கணக்குத்தான் இருந்தது. அதுவே எனக்குத் திருப்தி.

ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். எத்தனை கட்டை, எத்தனை வரிசை ரீடு, என்ன எழுத்து, எத்தனை தவணை என்று எல்லாம் விவரமாக. ரீடு பலகையைக் கைப்பேசியில் படமும் எடுத்தான் மூத்தவன். நம்பிக்கை இல்லாமல் அல்ல, நாளைக்கு மனஸ்தாபம் வரக் கூடாதே என்றுதான். திரும்ப விற்க நேர்ந்தால் முதலில் இந்த வீட்டில் கேட்க வேண்டும் என்று ஒரு வரியை அக்காள் சேர்க்கச் சொன்னாள்.

கிழிந்த துருத்தியில் பெட்டிக்காரர் தற்காலிகமாக ஒரு துணியை ஒட்டினார். பொழுது சாய்ந்திருந்தது. பேசாத கட்டைகளை விட்டுவிட்டு மெதுவாக வாசித்தார். பஜனைப் பாட்டு ஒன்று, பிறகு நாடக மெட்டு ஒன்று. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றார்கள். "அவரு பெட்டிதானே? சத்தம் அதேதான்" என்றார் ஒருவர். அக்காள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் நின்றிருந்தது.

மறுநாள் காலை பெட்டி அதே பழைய வேட்டியில் சுற்றியபடி பொள்ளாச்சி பஸ் ஏறியது. வியாபாரி மறுபடி கூப்பிட்டாராம். விற்றாகிவிட்டது என்றதும், யாருக்கு, எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டாராம். மூத்தவன் சொல்லவில்லை.

இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது, மூன்றாவது பாக்கி. திருச்சூரிலிருந்து வட்டி மாதாமாதம் தவறாமல் வருகிறது. முறிந்த நாக்குக்கு மட்டும் இன்னும் ஜோடி கிடைக்கவில்லை என்று பெட்டிக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டையைத் தொடாமலே வாசித்துக்கொண்டிருக்கிறாராம்.